உள்ளத் திண்மைக்கு ஒரு பாடம்: குறும்படங்களும் குழந்தைகளும்

பள்ளியிலிருந்து வாடிய முகத்துடன் வீடு திரும்பும் குழந்தையிடம் "என்ன நடந்தது?" என்று கேட்டால், பெரும்பாலும் கிடைக்கும் விடை "ஒன்றுமில்லை" என்பதாகவே இருக்கிறது. மதிப்பெண் குறைந்திருக்கலாம், நெருங்கிய நண்பன் பேச மறுத்திருக்கலாம், வகுப்பே சிரிக்கும்படி ஏதேனும் நேர்ந்திருக்கலாம். ஆயினும் அந்த ஒரு சொல்லோடு உரையாடல் முடிந்துவிடுகிறது. குழந்தை பொய் சொல்வதாக இதனைக் கொள்வது தகாது. உள்ளத்தில் நிகழ்வதற்குப் பெயர் தெரியாமை ஒரு காரணம். சொன்னால் திட்டோ அறிவுரையோ வந்து சேரும் என்ற அனுபவம் மற்றொரு காரணம். இவை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால், துன்பம் வரும்போதெல்லாம் வாய்மூடிக்கொள்ளும் பழக்கம் வேரூன்றிவிடுகிறது. பிற்காலத்தில் பெரியதோர் இழப்போ தோல்வியோ வரும்போது, உதவி கேட்கும் வழியே அறியாதவராய் அம்மனிதர் தனித்து நிற்கிறார்.

தன் துன்பத்தைப் பேசத் தயங்கும் குழந்தை, பிறர் துன்பத்தைப் பேசத் தயங்குவதில்லை. "அந்த முயல்குட்டிக்கு என்ன ஆயிற்று?" என்று கேட்டால் விடை உடனே வருகிறது. முயல்குட்டியைப் பற்றிப் பேசும்போது தன்னைப் பற்றியும் அக்குழந்தை பேசிக்கொள்கிறது. நம் முன்னோர் கதை சொல்லி வளர்த்ததன் நுட்பம் இதுவே. வலையில் சிக்கிய பறவைகள் ஒன்றாய் எழுந்து வலையோடு பறந்த பஞ்சதந்திரக் கதையைக் கேட்ட குழந்தை, திகைப்பு எத்தகையது என்பதையும், திகைத்தபின் என்ன செய்யலாம் என்பதையும் ஒருங்கே கற்றுக்கொண்டது.

அதே பறவைகள் 1974-இல் திரைக்கும் வந்தன. மத்திய அரசின் திரைப்படப் பிரிவு தயாரிக்க, விஜயா முலே இயக்கிய "ஏக் அநேக் ஔர் ஏக்தா" என்னும் ஏழு நிமிட வரைகலைப் படம், தூர்தர்ஷன் வழியாக நாடெங்கும் உள்ள குழந்தைகளைச் சென்றடைந்தது. ஆகவே, குறும்படத்தின் துணைகொண்டு குழந்தைக்கு வாழ்க்கைப் பாடம் கற்பிப்பது நம் நாட்டிற்குப் புதிய செய்தி அன்று. இன்று கைப்பேசி வந்த பிறகு படங்கள் பெருகிவிட்டன. படம் முடிந்தபின் அதைப் பற்றிப் பேசும் வழக்கமோ குறைந்துவிட்டது. சாப்பிட வைப்பதற்கும், அழுகையை நிறுத்துவதற்கும் திரை பயன்படுகிறது. அழுகையை நிறுத்தும் அதே திரையைக் கொண்டு, அழுகைக்கான காரணத்தைக் குழந்தையே எடுத்துச் சொல்லும்படி செய்வது எவ்வாறு என்பதே இப்பாடத்தின் பொருள்.

மீண்டெழும் திறன் எங்கிருந்து வருகிறது?

துன்பமே அறியாத குழந்தையை உள்ளத் திண்மை உடையது என்று சொல்ல இயலாது. துன்பம் வந்தபோது தளர்ந்து, பின்னர் நிமிரும் ஆற்றலையே அச்சொல் குறிக்கிறது. இதனை நெடுங்காலம் ஆராய்ந்தவர்களுள் எம்மி வெர்னர், ரூத் ஸ்மித் ஆகிய இரு பெண்மணிகள் குறிப்பிடத்தக்கவர்கள். ஹவாய்த் தீவுகளுள் ஒன்றான கவாயில் 1955-ஆம் ஆண்டு பிறந்த 698 குழந்தைகளின் வாழ்க்கையைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு அவர்களுடையது. வறுமை, குடும்பப் பூசல், பெற்றோரின் குடிப்பழக்கம், மனநோய் முதலிய பல இடர்கள் ஒருங்கே சூழ்ந்த குழந்தைகளும் அவர்களுள் இருந்தனர். அத்தகையோரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் தன்னம்பிக்கையும் பிறர்பால் அக்கறையும் கொண்டவர்களாக வளர்ந்தனர்.

அவர்களிடம் காணப்பட்ட பொதுவான பேறுகளுள் ஒன்று, உறுதியாகப் பற்றிக்கொள்ள ஒரு பெரியவராவது இருந்தமை. தாய் தந்தையரால் இயலாதபோது பாட்டியோ, மாமாவோ, அண்டை வீட்டாரோ, ஆசிரியரோ அந்த இடத்தை நிரப்பினர். குறும்படத்தைக் கையில் எடுக்கும் ஒவ்வொருவரும் முதலில் மனத்தில் இருத்த வேண்டிய செய்தி இது. படம் எவ்வளவு சிறந்ததாயினும் குழந்தையின் தோளில் அதனால் கை வைக்க இயலாது. பக்கத்தில் அமர்ந்து பார்க்கும் பெரியவரே பாடத்தின் நடுநாயகம். அவர் பேச்சைத் தொடங்குவதற்கு உதவும் ஒரு காரணமாகப் படம் அமைகிறது.

திரையில் கண்டது உள்ளத்தில் பதியும் விதம்

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியல் அறிஞர் ஆல்பர்ட் பண்டூரா, நாய்க்கு அஞ்சும் 3 முதல் 5 வயது வரையிலான குழந்தைகளிடம் ஓர் ஆய்வு நடத்தினார். நாயோடு சிறிது சிறிதாக நெருங்கிப் பழகும் பிற குழந்தைகளின் படங்கள் சில நாட்கள் அவர்களுக்குக் காட்டப்பட்டன. நாயே இடம்பெறாத படங்களைப் பார்த்த குழந்தைகளைவிட இவர்களின் அச்சம் குறைந்திருந்தது. அந்த ஆய்வு 1968-இல் வெளியாயிற்று.

இதே கருத்து மருத்துவமனைக்கும் சென்றது. பார்பரா மெலமெட், லாரன்ஸ் சீகல் ஆகியோர் 1975-இல் வெளியிட்ட ஆய்வில், அறுவை சிகிச்சைக்கு வந்த 4 முதல் 12 வயது வரையிலான 60 குழந்தைகள் பங்கேற்றனர். அவர்களுள் ஒரு பிரிவினருக்கு, ஈதன் என்னும் ஏழு வயதுச் சிறுவன் அறுவை சிகிச்சைக்குச் சென்று வீடு திரும்புவதைக் காட்டும் 16 நிமிடப் படம் திரையிடப்பட்டது. மற்றவர்களுக்கு மருத்துவமனைக்குத் தொடர்பில்லாத வேறொரு படம் காட்டப்பட்டது. ஈதனைப் பார்த்த குழந்தைகளிடம் அறுவை சிகிச்சைக்கு முன்னும் பின்னும் கலக்கம் குறைவாகவே காணப்பட்டது.

இங்கே கவனிக்கத்தக்க நுட்பம் ஒன்று உண்டு. ஈதன் அஞ்சா நெஞ்சன் அல்லன். அவன் கலங்குகிறான், கலங்கியபடியே ஒவ்வொரு கட்டத்தையும் கடக்கிறான். பாம்புக்கு அஞ்சியவர்களிடம் 1971-இல் ஆய்வு நடத்திய டொனால்டு மைக்கன்பாம் என்னும் அறிஞரும் இதனையே கண்டார். முதலிலேயே துணிவோடு நடப்பவரைக் கண்டவர்களைவிட, அஞ்சிப் பின் தேறியவரைக் கண்டவர்கள் அதிகப் பயன் அடைந்தனர். காரணம் எளிது. அஞ்சாதவனைப் பார்க்கும் குழந்தை "அவன் வேறு, நான் வேறு" என்று ஒதுங்கிக்கொள்கிறது. அஞ்சுபவனைப் பார்க்கும் குழந்தையோ "இவனும் என்னைப் போலத்தான்" என்று அவனோடு சேர்ந்து நடக்கிறது. குழந்தைகளுக்குப் படம் தேர்ந்தெடுப்பவர்கள் வீர நாயகர்களைத் தேட வேண்டியதில்லை. தடுமாறி எழும் சாதாரணச் சிறுவர்களையே தேட வேண்டும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பெரியவர்கள் ஒரு பொம்மையை அடித்து உதைக்கும் படத்தைக் கண்ட குழந்தைகள், பின்னர் தாமும் அவ்வாறே செய்தனர் என்பதைப் பண்டூராவும் அவருடைய குழுவினரும் 1963-இலேயே எடுத்துக்காட்டினர். திரை நல்லதை மட்டும் தேர்ந்து பதிய வைப்பதில்லை. அருகில் ஒரு பெரியவர் இருக்க வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

அச்சம்: சந்தில் நின்ற சிறுவன்

நாய்க்கு அஞ்சும் குழந்தையை ஆய்வுக்கூடத்தில் கண்ட அதே காலத்தில், ஈரான் நாட்டின் டெஹ்ரானில் ஓர் இளைஞர் அக்குழந்தையைக் கலையாகப் படைத்தார். அப்பாஸ் கியரோஸ்தமி, குழந்தைகளின் அறிவு வளர்ச்சிக்கான "கானூன்" என்னும் நிறுவனத்திற்காக 1970-இல் எடுத்த முதற்படம் "ரொட்டியும் சந்தும்". ஏறத்தாழ பத்து நிமிடம் ஓடும் கறுப்பு வெள்ளைப் படம் அது. உரையாடல் இல்லாததால் எந்த மொழிக் குழந்தையும் அதனைப் பார்க்கலாம்.

ரொட்டி வாங்கிக்கொண்டு துள்ளலாக வீடு திரும்பும் சிறுவனைக் குறுகிய சந்தில் ஒரு நாய் குரைத்து விரட்டுகிறது. ஓடிவந்து நின்றுவிடுகிறான். வீட்டிற்குச் செல்ல வேறு வழியில்லை. பெரியவர்கள் அவனைக் கடந்து தத்தம் வேலையாகச் செல்கிறார்கள். எவரும் அவனைக் கவனிப்பதில்லை. முதியவர் ஒருவர் வருகிறார். அவர் பின்னால் ஒண்டிக்கொண்டு நடக்கிறான். அவரோ நாய் இருக்கும் இடத்தை அடையுமுன் வேறு பக்கம் திரும்பிவிடுகிறார். இறுதியில் ரொட்டியில் ஒரு துண்டைப் பிய்த்து நாய்க்கு எறிகிறான். நாய் தின்றுவிட்டு வாலாட்டியபடி வீடுவரை உடன் வருகிறது. கதவு மூடியபின் அவ்வாசலிலேயே படுத்துக்கொள்கிறது. பிறகு வேறொரு சிறுவன் சந்தில் வருகிறான். நாய் எழுந்து குரைக்கிறது. அஞ்சிய அம்முகத்தோடு படம் நிற்கிறது.

முதியவர் திரும்பிச் செல்லும் இடத்தில் படத்தை நிறுத்தலாம். "இப்போது அவன் உடம்பில் என்னென்ன நடக்கும்?" என்று கேட்கலாம். நெஞ்சு படபடக்கும், கை வியர்க்கும், வயிறு பிசையும் என்று குழந்தைகள் சொல்வார்கள். எங்கிருந்து அது தெரியும் என்று எவரும் வினவ வேண்டியதில்லை. அடுத்த வினா இன்னும் முக்கியமானது: "இவ்வளவு பேர் கடந்து போனார்களே, அவன் ஏன் ஒருவரிடமும் சொல்லவில்லை?" இவ்வினாவில்தான் "ஒன்றுமில்லை" என்ற சொல்லின் பூட்டு திறக்கிறது. "சொன்னால் சிரிப்பார்கள்" என்று ஒரு குழந்தை விடை சொன்னால், அவ்விடை டெஹ்ரான் சிறுவனைப் பற்றியது மட்டும் அன்று என்பதை ஆசிரியர் உணர்ந்துகொள்ள வேண்டும்.

இப்படத்தைக் காட்டுபவர் ஒன்றைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். தெருநாயைத் தனியே நெருங்குவதோ தீனி எறிவதோ பின்பற்றத்தக்க வழி அன்று. நாய் கடித்தாலும் பிறாண்டினாலும் மறைக்காமல் உடனே சொல்ல வேண்டும். காயத்தைச் சோப்பும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, தாமதமின்றி மருத்துவரிடம் சென்று தடுப்பூசி போட வேண்டும். திட்டுக்கு அஞ்சி நாய்க்கடியை மறைக்கும் குழந்தைக்கு நேரக்கூடியது உயிரிழப்பு. உணர்ச்சியைச் சொல்லப் பழக்குவது எவ்வளவு உடனடித் தேவை என்பதற்கு இதனினும் சான்று வேண்டியதில்லை.

சினம்: கிழிந்த நோட்டுப் புத்தகம்

கியரோஸ்தமி 1975-இல் எடுத்த மற்றொரு படம் "ஒரு சிக்கலுக்கு இரண்டு தீர்வுகள்". ஐந்து நிமிட அளவே உடையது. தாரா, நாதர் என்னும் இரு நண்பர்கள். இரவல் வாங்கிய நோட்டுப் புத்தகத்தைத் தாரா கிழிந்த நிலையில் திருப்பித் தருகிறான். முதல் தீர்வில் நாதர் பழிக்குப் பழி வாங்குகிறான். ஒரு பொருளுக்கு ஒரு பொருள் என்று இருவர் உடைமைகளும் பாழாகி, இறுதியில் அடிதடியில் முடிகிறது. இரண்டாம் தீர்வில் கிழிந்த இடம் ஒட்டப்படுகிறது. நட்பு கெடாமல் நிற்கிறது.

பார்க்கும் குழந்தைகள் முதல் பகுதியில் வாய்விட்டுச் சிரிப்பார்கள். அதைத் தடுக்க வேண்டியதில்லை. சண்டை வேடிக்கையாகத்தான் தோன்றும். ஆனால் அந்தச் சிரிப்போடு படத்தை விட்டுவிடக் கூடாது. பொம்மையை அடித்த படத்தின் பாடம் இங்கே நினைவுக்கு வர வேண்டும். இரண்டு பகுதிகளையும் பார்த்த பின், கரும்பலகையை இரண்டாகப் பிரித்து, இருவரும் இழந்தவற்றை ஒரு பக்கமும் காத்துக்கொண்டவற்றை மறுபக்கமும் குழந்தைகளையே எழுதச் சொல்லலாம். "கோபப்படாதே" என்று எவரும் கூறத் தேவையில்லை. நோட்டுப் புத்தகம் கிழிந்தால் கோபம் வருவது இயல்பே. கோபம் வந்தபின் கை முதலில் எதை நோக்கிச் செல்கிறது என்பதே கேள்வி. பசையை நோக்கியா, நண்பனின் பையை நோக்கியா என்று குழந்தைகள் தமக்குள் பேசிக்கொள்ளட்டும்.

கூச்சம்: மூன்று கால் நாய்க்குட்டி

தமிழில் உணர்ச்சிகளுக்குப் பெயர் பஞ்சம் இல்லை. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளை வகுத்துக் கூறுகிறது. சினம், அச்சம், மகிழ்ச்சி, அழுகை, சிரிப்பு, வியப்பு, பெருமிதம் ஆகியவற்றோடு இளிவரல் என்பதும் அவற்றுள் ஒன்று. தன்னிடமோ பிறரிடமோ தோன்றும் தாழ்வால் உள்ளம் கூசிச் சுருங்குவதை அது உணர்த்துகிறது. இன்றைய குழந்தைகள் "பயம்", "கோபம்", "போர் அடிக்கிறது" என்ற மூன்று சொற்களுக்குள் எல்லாவற்றையும் அடக்கிவிடுகிறார்கள். கூச்சத்திற்கு அவர்களிடம் பெயர் இல்லை. ஆதலால் அது பெரும்பாலும் கோபமாகவே வெளிப்படுகிறது.

இதனை விளக்குவதற்கு ஏற்றது, ஜெர்மனியின் பாடன்-வூர்ட்டம்பெர்க் திரைப்படக் கல்லூரியில் பயின்ற ஜேக்கப் ஃப்ரே 2014-இல் உருவாக்கிய "தி ப்ரெசென்ட்" என்னும் நான்கு நிமிட வரைகலைப் படம். பிரேசில் நாட்டு ஓவியர் ஃபாபியோ கோவாலாவின் சிறு சித்திரக் கதையைத் தழுவியது. இருட்டறையில் வீடியோ விளையாட்டில் மூழ்கியிருக்கும் சிறுவனுக்குத் தாய் ஒரு பெட்டியைப் பரிசாகத் தருகிறாள். உள்ளே நாய்க்குட்டி. மகிழ்ந்து எடுத்தவன், அதற்கு ஒரு கால் இல்லை என்று கண்டதும் வெறுப்போடு தள்ளிவிடுகிறான். குட்டியோ தளர்வதில்லை, சிவப்புப் பந்தைக் கவ்விக்கொண்டு விழுந்து விழுந்து எழுந்து விளையாடுகிறது. சிறுவனின் முகம் மெல்ல இளகுகிறது. அவன் எழுந்து வெளியே செல்லும்போதுதான், ஊன்றுகோல் துணையோடு நடக்கும் அவனுக்கும் ஒரு கால் இல்லை என்பது தெரிகிறது.

முடிவை அறிந்தபின் படத்தை மீண்டும் ஒருமுறை காட்ட வேண்டும். முதல்முறை "கெட்ட பையன்" என்று சொன்ன குழந்தைகள் இரண்டாம் முறை வேறு விதமாகச் சொல்வார்கள். நாய்க்குட்டியைத் தள்ளியபோது அவனுக்கு உண்மையில் யார் மீது கோபம் என்று அவர்களே கேட்கத் தொடங்குவார்கள். வகுப்பில் எரிந்து விழும் ஒரு மாணவனைப் பற்றிய எண்ணமும் அதனோடு மாறக்கூடும். உடற்குறை உள்ள குழந்தை வகுப்பில் இருந்தால், அக்குழந்தையின் பெற்றோரோடு முன்கூட்டியே பேசாமல் இப்படத்தைத் திரையிடுவது தகாது. அனைவர் பார்வையும் ஒரு முகத்தை நோக்கித் திரும்பும்படி செய்துவிட்டால், பாடமே காயமாகிவிடும்.

வீழ்ச்சி: அலைக்கு அஞ்சிய குஞ்சு

பிக்சார் நிறுவனத்திற்காக ஆலன் பரிலாரோ இயக்கி 2016-இல் வெளிவந்த "பைப்பர்" ஆறு நிமிடப் படம்; 2017-இல் சிறந்த வரைகலைக் குறும்படத்திற்கான ஆஸ்கர் விருது பெற்றது. கடற்கரையில் வாழும் உள்ளான் பறவையின் குஞ்சு, தாய் ஊட்டுவாள் என்று வாய் திறந்து காத்திருக்கிறது. தாயோ, தானே வந்து இரை தேடுமாறு அழைக்கிறாள். நம்பிச் சென்ற குஞ்சை முதல் அலையே புரட்டி எடுக்கிறது. நனைந்து நடுங்கிக் கூட்டிற்குத் திரும்பியபின் வெளியே வர மறுக்கிறது. பசி மீண்டும் கரைக்கு இழுக்கிறது. அங்கே சிறு துறவி நண்டுகள் அலை வரும்போது மணலைத் தோண்டிப் பதுங்குவதைக் காண்கிறது. தானும் அவ்வாறே செய்கிறது. அலை தலைக்கு மேல் வந்தபோது கண் திறந்து பார்த்தால், நீருக்கடியில் இரை நிறைந்த வேறோர் உலகம் தெரிகிறது.

இப்படம் குழந்தைகளைவிடப் பெற்றோருக்கு அதிகம் கற்பிக்கிறது எனலாம். தாய்ப்பறவை குஞ்சை அலைக்குள் தள்ளுவதில்லை. பசிக்கிறதே என்று மறுபடி ஊட்டத் தொடங்குவதும் இல்லை. கண்ணெட்டும் தூரத்தில் நின்று காத்திருக்கிறாள். தேர்வில் தோற்ற பிள்ளையை உடனே மற்றொரு பயிற்சி வகுப்பில் சேர்ப்பதும், இனி அந்தப் பக்கமே போக வேண்டாம் என்று தடுப்பதும் ஆகிய இரண்டு எல்லைகளுக்கும் நடுவே உள்ள வழி அது. குழந்தைகளிடம் கேட்க வேண்டிய கேள்வி: "குஞ்சு யாரிடம் கற்றுக்கொண்டது?" தன்னினும் சிறிய நண்டிடம் என்ற விடை வரும்போது, உதவி எங்கிருந்தும் வரலாம் என்ற எண்ணமும் கூடவே வரும்.

நம் மண்ணுக்கு நெருக்கமான படம் வேண்டுவோர் யுனிசெஃப் நிறுவனம் 1990-களில் தெற்காசியக் குழந்தைகளுக்காகத் தொடங்கிய மீனா படவரிசையை நாடலாம். இந்திய வரைகலைப் படத்துறையின் முன்னோடியான ராம் மோகன் அதன் உருவாக்கத்தில் பெரும்பங்கு ஆற்றினார். தம்பி பள்ளிக்குச் செல்ல, தனக்கு அனுமதி இல்லாத மீனா, தன் கிளியை வகுப்பிற்கு அனுப்பி அது கேட்டு வந்ததைக் கற்கிறாள். எண்ணக் கற்றதால் ஒரு கோழி குறைவதை உணர்ந்து திருடனைப் பிடிக்க உதவுகிறாள். அதன்பின் பள்ளிக் கதவு அவளுக்கும் திறக்கிறது. ஏமாற்றத்தை விழுங்கிக்கொண்டு சும்மா இருப்பதற்கும், ஏமாற்றத்தோடு வழி தேடுவதற்கும் உள்ள வேறுபாட்டைச் சிறு குழந்தையும் இதில் கண்டுகொள்ளும்.

வகுப்பை நடத்தும் முறை

ஞாயிற்றுக்கிழமைக் குழந்தைகள் வகுப்பிற்கும் வீட்டுக் கூடத்திற்கும் ஒரே முறை பொருந்தும். ஓர் அமர்வுக்கு ஒரு படம், ஓர் உணர்ச்சி என்பது போதும். ஐந்து நிமிடப் படத்திற்கு முக்கால் மணி நேரம் ஒதுக்குவது மிகையன்று. படத்தை நடத்துபவர் முன்னதாகத் தனியே இருமுறை பார்த்து, எங்கே நிறுத்துவது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். குழந்தைகள் பிறைவட்டமாக அமர்வது நன்று. ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியும்.

முதல் முறை இடைநிறுத்தமின்றிக் காட்ட வேண்டும். முடிந்தவுடன் ஒரு நிமிடம் எவரும் பேசாதிருக்கட்டும். பின்னர் வினாக்கள் படிப்படியாக வர வேண்டும். என்ன பார்த்தீர்கள் என்பது முதற்படி. அவனுக்கு எப்படி இருந்திருக்கும், அது முகத்திலும் உடம்பிலும் எங்கே தெரிந்தது என்பது இரண்டாம் படி. வேறு என்ன செய்திருக்கலாம் என்பது மூன்றாம் படி. இதுபோல் உனக்கு நேர்ந்ததுண்டா என்பது நான்காம் படி; இதற்கு எவரையும் வற்புறுத்தக் கூடாது. வாய்விட்டுச் சொல்ல விரும்பாத குழந்தை தாளில் வரையலாம், அல்லது சொல்லாமலே இருக்கலாம்.

உணர்ச்சிக்குப் பெயரிடுவதில் பொறுமை வேண்டும். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் மேத்யூ லீபர்மன் குழுவினர் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், கலக்கமூட்டும் முகங்களைப் பார்த்த பெரியவர்கள் அம்முகத்தின் உணர்ச்சிக்குரிய சொல்லைத் தேர்ந்தபோது, அச்சத்தோடு தொடர்புடைய மூளைப் பகுதியின் கிளர்ச்சி தணிந்தது காணப்பட்டது. சொல் கிடைத்ததும் மனம் ஆறுகிறது என்று தாய்மார்கள் அறிந்திருப்பதற்கு இஃது ஒரு துணைச்சான்று. பதற்றம், ஏக்கம், பொறாமை, ஏமாற்றம், கூச்சம், தனிமை என்று வாரம் ஒரு சொல்லாகச் சேர்த்துச் சுவரில் எழுதி வந்தால், சில மாதங்களில் குழந்தைகளின் பேச்சே மாறிவிடும்.

நடத்துபவருக்கு மிகக் கடினமான பகுதி, நீதியைச் சொல்லாமல் இருப்பது. "இதிலிருந்து நாம் கற்றுக்கொள்வது என்ன?" என்று கேட்ட மறுகணமே குழந்தைகள் பெரியவர் விரும்பும் விடையைத் தேடத் தொடங்கிவிடுகிறார்கள். "தைரியமாக இருக்க வேண்டும்" என்று ஒரே குரலில் சொல்லிவிட்டுக் கலைந்துவிடுகிறார்கள். "எனக்குப் பயமே கிடையாது" என்று ஒரு சிறுவன் மார்தட்டினால், மறுத்துப் பேசாமல், "பயம் வருகிற ஒருவன் உன் பக்கத்தில் இருந்தால் அவனுக்கு என்ன செய்வாய்?" என்று கேட்பது பயன் தரும். தன் பயத்தை ஒளித்தவன் பிறர் பயத்திற்கு மருந்து சொல்லும்போது, அம்மருந்து அவனையும் சென்றடைகிறது.

அமர்வின் இறுதியில் ஒரு சிறு செயலைக் குழந்தையே தேர்ந்துகொள்ள வேண்டும். பேசாத நண்பனிடம் முதலில் பேசுவது, விளங்காத கணக்கை ஆசிரியரிடம் கேட்பது, இருட்டறைக்குச் சென்று ஒரு பொருளை எடுத்து வருவது போன்ற சிறு செயலே போதுமானது. அடுத்த வாரம் அதைப் பற்றிக் கேட்கும்போது, செய்ய முடியாமற்போன குழந்தையும் அதைக் கூச்சமின்றிச் சொல்லக்கூடிய சூழல் இருக்க வேண்டும். முயன்று தோற்றதையும் கேட்டு மதிக்கும் இடமாக அவ்வகுப்பு அமைந்தால், மீண்டெழும் பயிற்சி அங்கேயே தொடங்கிவிடும்.

கவனத்தில் கொள்ள வேண்டியவை

இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் திரையே வேண்டாம். உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 2 முதல் 4 வயது வரையிலான குழந்தைகளுக்கு ஒரு நாளில் ஒரு மணி நேரத்திற்கு மேல் திரை கூடாது என்கிறது. ஆகவே மேற்கண்ட படங்கள் கூடுதல் திரை நேரமாகாமல், இருக்கும் நேரத்திற்குள் அமைய வேண்டும். ஒன்றன்பின் ஒன்றாகப் படங்கள் தாமே ஓடும் வசதியை நிறுத்திவைப்பது அவசியம். அடுத்த படம் தொடங்கிவிட்டால் பேச்சுக்கு இடமில்லை. குடும்பத்தில் அண்மையில் மரணமோ பிரிவோ நேர்ந்திருந்தால், அத்துன்பத்தைக் கிளறும் படத்தைத் தவிர்ப்பது நன்று. படம் பார்க்கும்போது ஒரு குழந்தை அழுதால் படத்தை நிறுத்தி உடன் இருக்க வேண்டும். பிறர் முன் காரணம் கேட்கக் கூடாது.

வகுப்பில் ஒரு குழந்தை சொல்வது, அது வேறெங்கோ துன்புறுத்தப்படுவதைக் குறிப்பதாகத் தோன்றலாம். வாரக்கணக்கில் உறக்கமின்மை, உணவில் வெறுப்பு, வாழ்வதில் சலிப்பு ஆகியவை வெளிப்படலாம். அத்தகைய வேளையில் படத்தின் எல்லை முடிந்துவிட்டது என்று உணர்ந்து, தகுதி பெற்ற மனநல ஆலோசகரை நாட வேண்டும். மத்திய அரசு 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம். தமிழ் உட்படப் பல மொழிகளில் அங்கே பேச இயலும்.

டெஹ்ரான் சந்தில் அச்சிறுவனைக் கடந்து சென்ற பெரியவர்களுள் எவரும் கொடியவர் அல்லர். ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை இருந்தது. குனிந்து பார்க்க நேரமில்லை. நம் வீடுகளிலும் அதுவே நிகழ்கிறது. வாரத்தில் ஒரு நாள், முக்கால் மணி நேரம், ஒரு பெரியவர் தம் கைப்பேசியை அப்பால் வைத்துவிட்டுக் குழந்தையோடு அமர்ந்து ஒரு சிறு படத்தைப் பார்த்து, அதன் விடையைப் பொறுமையாகக் கேட்பாராயின், துன்பம் வரும் நாளில் அக்குழந்தை யாரிடம் செல்வது என்று திகைத்து நிற்காது. கேட்கும் செவி ஒன்று வீட்டில் இருக்கிறது என்பதை அது முன்பே அறிந்திருக்கும்.